உப்புக் கோப்பியும் ஒரு பெண்கேட்பும்

செல்வரத்தினத்துக்கு வாய் சும்மா இருக்காது. விரி என்ற புறநகரில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போன முதல் கிழமையே, மெசின் இரைச்சலையும் மிஞ்சி எல்லாரோடும் கதை வளர்த்துவிட்டார். எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்தபின், மனைவி ரதிதேவியோடு நியூசிலாந்தின் ஓக்லாந்தில் வந்து கரை சேர்ந்த மனிதர். அழுது வடிந்துகொண்டிருக்கலாம், அது அவருக்கு வராது.

பக்கத்து மெசினில் நின்றவன் இல்யாஸ், துருக்கிக்காரன். தாய் தகப்பன் இல்லை, இந்த ஊரில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவன் தயங்கித் தயங்கி ஒரு கதை சொன்னான். நகரின் மறுகோடியில் மாசி என்ற இடத்தில் ரிசா என்றொரு துருக்கிக்காரர் குடும்பத்தோடு இருக்கிறார். அவருடைய மகள் நெர்மினை அவனுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை தானே போய்ப் பெண் கேட்கக் கூடாதாம். குடும்பத்துப் பெரியவர் ஒருவர் போய் வாய்விட்டுக் கேட்க வேண்டுமாம்.

"நீங்கள்தான் வரவேணும், அண்ணை," என்றான். அந்த "அண்ணை"யை அவனுக்குப் பழக்கினது செல்வரத்தினம்தான்.

"அந்தப் பிள்ளைக்கு விருப்பமோ?"

"அப்பிடித்தான் நினைக்கிறன்."

நினைக்கிறானாம்! செல்வரத்தினத்துக்கு அந்தப் பதில் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் தாயில்லாப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி மறுக்கிறது? கேட்க வேண்டிய வார்த்தையை அவன் சொல்லிக்கொடுத்தான்: "அல்லாவின் கட்டளைப்படியும் நபியின் வாக்குப்படியும் உங்கள் மகளை எங்கள் மகனுக்குக் கேட்கிறோம்." நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற சைவப்பழம், மெசினடியில் நின்று அதை மனப்பாடம் செய்தார்.

சனிக்கிழமை பின்னேரம் செல்வரத்தினமும் ரதிதேவியும் இல்யாசும் மாசிக்குப் போனார்கள். பூங்கொத்தும் சொக்கலேற்றும் கையில். வீட்டு வாசலில் நெர்மினின் தாய் எல்லாருடைய உள்ளங்கையிலும் எலுமிச்சை மணக்கும் ஓடிக்கொலோன் வாசனைநீர் ஊற்றினாள். எங்கள் வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பதுபோல இருக்கிறதே என்று ரதிதேவிக்கு வியப்பு வியப்பாக வந்தது. ரிசா பெரிய மீசைக்காரர். சிரிக்கவில்லை.

பிறகு நெர்மின் கோப்பித் தட்டோடு வந்தாள். தலை குனிந்து, கண் நிமிராமல், சின்னச் சின்னக் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டாமல் அவள் நடந்து வந்ததைப் பார்த்து, "இது எங்கடை பொம்பிளை பாக்கிறதேதான்!" என்று செல்வரத்தினம் மனைவியின் காதில் சொன்னார். ரதிதேவி அந்தப் பிள்ளையின் குனிந்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் என்பதால் தட்டு முதலில் அவரிடம் வந்தது. இங்கேதான் மனிதர் பிழைவிட்டார். சம்பந்தம் பேசப் போன வீட்டில் மாப்பிள்ளைக்கு முந்தி வாய் நனைக்கலாமா? யாழ்ப்பாணத்தில் நடக்கிற காரியமா? தன் பக்கமிருந்த கோப்பையை எடுத்து இல்யாசின் கையில் வைத்துவிட்டு, இல்யாசுக்கென்று தட்டின் ஓரத்தில் தனியாக இருந்த கோப்பையைத் தான் எடுத்துக்கொண்டார். நெர்மின் வாயைத் திறந்தாள், மூடினாள். பெரியவர்களுக்கு முன்னால் என்ன சொல்வாள், பாவம்.

செல்வரத்தினம் ஒரு மிடறு விழுங்கினார். ஐயோ! கடல்தண்ணி தோற்றுப்போகும். கண்ணில் நீர் முட்டியது. ஆனால் ஒரு வீட்டில் கொடுத்ததை மிச்சம் வைக்கிற வளர்ப்பு அவருடையதல்ல. அடிவண்டல் வரை குடித்து முடித்தார்.

குடிக்கக் குடிக்க அவருக்கு ஒன்று தெளிவாகிக்கொண்டே வந்தது. இந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. வாய் திறந்து சொல்ல வழியில்லாமல் கோப்பியில் சொல்லியிருக்கிறாள். இப்போது தான் அந்த வார்த்தையைச் சொன்னால், மீசைக்காரர் தலையாட்டிவிட்டால், ஒரு பெண்ணின் வாழ்க்கை முடிந்தது. சொல்லாமல் எழும்பினால் இல்யாசின் மனம் முறிந்துபோகும். அவனோ நல்ல கோப்பியைக் குடித்துவிட்டு ஒன்றும் அறியாமல் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

"கேளுங்கோவன்," என்று ரதிதேவி முழங்கையால் இடித்தாள்.

செல்வரத்தினம் எழுந்து நின்றார். மனப்பாடம் செய்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. நெர்மினைப் பார்த்து, தனக்குத் தெரிந்த இங்கிலீசில், "மகள், உமக்கு இவரைப் பிடிச்சிருக்கோ? இல்லையெண்டாச் சொல்லும். நான் கேக்காமலே போறன்," என்றார்.

தகப்பனுக்கு முன்னால் மகளிடம் நேரே கேட்கிறதா! ரிசாவின் முகம் சிவந்தது. நெர்மின் வெறும் கோப்பையைப் பார்த்தாள்.

"முழுக்கக் குடிச்சிட்டீங்களா?" என்றாள். அடுத்த கணம் அவளும் தாயும் விழுந்து விழுந்து சிரிக்கத் தொடங்கினார்கள்.

தாய்தான் விளங்கப்படுத்தினாள். முந்தி, பெண்கள் பெரியவர்கள் முன் பேசக் கூடாத காலத்தில், விருப்பமென்றால் சீனியும் விருப்பமில்லையென்றால் உப்பும் போட்டார்கள் என்று தன் தாய் சொல்லுவாவாம். இப்போது உப்பு ஒரு சோதனை. முகம் சுழிக்காமல் குடித்தால் கசப்பான நாளிலும் மாப்பிள்ளை கூட நிற்பான் என்று அர்த்தம்.

செல்வரத்தினத்துக்கு மெய் சிலிர்த்தது. பேசக் கூடாதென்று வாயைக் கட்டிவைத்தவர்களுக்கு, அவர்கள் நாக்கிலேயே பதில் சொல்லியிருக்கிறார்களே இந்தப் பெண்கள்! எத்தனை அடுப்படிகளில், எத்தனை பெண்கள், உப்புச் சாடியைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் தலையெழுத்தைத் தாங்களே எழுதப் பார்த்திருப்பார்கள்!

ரிசா மகளைத் திரும்பிப் பார்த்தார். "நான்கூட இவளிட்டைக் கேக்கேல்லை," என்றார். பிறகு மகளிடம் துருக்கி மொழியில் ஏதோ கேட்டார். நெர்மின் சிவந்துபோய் ஓமென்று தலையசைத்தாள். அசைத்த கையோடு உள்ளே போய், இல்யாசுக்கென்று இன்னொரு உப்புக் கோப்பி கலந்து வந்து நீட்டினாள். அவனும் கண் கலங்கக் கலங்க முகம் சுழிக்காமல் குடித்து முடித்தான். அதற்குப் பிறகுதான் செல்வரத்தினம் அந்த வார்த்தையைச் சொன்னார்.

இல்யாசை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது கார் முழுக்க அவருடைய கதைதான். "என்ன சனமப்பா! என்ன மூளை!" என்று வாய் ஓயவில்லை. ரதிதேவி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரதி, உம்மைப் பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு நீர் எனக்குக் கோப்பி கொண்டந்தீரே..."

"கொண்டந்தது மட்டும்தான். போட்டது பெரியக்கா."

"நீர் போட்டிருந்தா?"

"உப்புத்தான் போட்டிருப்பன்," என்றாள். "உங்களிலை பிழை சொல்லேல்லை. எனக்கு அப்ப ரீச்சராகப் படிக்க ஆசை. முன்பின் தெரியாத ஒரு பிள்ளையிட்டை இண்டைக்குக் கேட்டியள் பாருங்கோ, அதை அண்டைக்கு என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

செல்வரத்தினம் காரை ஓரங்கட்டினார். இத்தனை வருசம் பக்கத்தில் இருந்தவளை அன்றைக்குத்தான் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இப்ப கேக்கிறன். இப்ப உமக்கு என்ன விருப்பம்?"

ரதிதேவி யோசித்தாள். உண்மையாகவே கேட்கிறாரா என்று அவர் முகத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"கார் ஓடப் பழக வேணும்," என்றாள். "ஆனா நீங்கள் பழக்கக் கூடாது."