வாசலில் ஒரு கால்

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பெரிய மனது பண்ணிப் படியுங்கள்.

கணவருக்கு டெக்சாஸில் புது வேலை கிடைத்ததால் வெஸ்ட் வின்ட்சர் வீட்டை விற்றுக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் வாங்குவதாகச் சொல்லிப் பின்வாங்கிவிட்டார்கள். மூன்றாவதாக அமைந்தது ஒரு கோயம்புத்தூர்த் தம்பதி. இவர்களும் போய்விட்டால் அவர் அங்கே, நான் இங்கே என்று ஆகிவிடும்.

அவர்கள் ரேடான் டெஸ்ட் கேட்டார்கள். மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசிகிற, கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத வாயு அது. ஒருவர் வந்து பேஸ்மென்ட்டில் அதை அளக்கிற ஒரு பெட்டியை வைத்தார். இரண்டு நாள் ஜன்னலைத் திறக்கக் கூடாது, வாசல் கதவையும் போக வர மட்டும் திறந்து உடனே சாத்த வேண்டும், இல்லாவிட்டால் டெஸ்ட் செல்லாது என்றார். எல்லா ஜன்னலையும் நானே பூட்டினேன்.

இரண்டாம் நாள் மத்தியானம், வாங்குகிற பெண்ணே திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்தாள். அளவெடுத்தாள், காபி குடித்தாள், வாசல் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தாள்.

"அப்ப வரட்டுங்களாக்கா?"

"சரிம்மா."

அதற்குப் பிறகுதான் பேச்சே ஆரம்பித்தது.

"ஏனுங்கக்கா, இங்க கறிவேப்பிலைச் செடி வருங்களா?"

"வீட்டுக்குள்ள வெச்சா வரும்மா."

"பக்கத்து வீட்டுக்காரங்க எப்படிங்க?"

கதவு அவள் தோளில் சாய்ந்திருந்தது. பிப்ரவரிக் காற்று தாராளமாக உள்ளே வந்தது. கிளம்புகிறவளிடம் கதவைச் சாத்து என்றால், போய்த் தொலை என்பது போல ஆகாதா? கோபித்துக்கொண்டு வீடே வேண்டாமென்றால்?

"குளிருதாம்மா?" என்றேன் ஜாடையாக.

"எனக்குக் குளிரே தெரியாதுங்கக்கா. அப்புறம், இந்த வாஷர் ட்ரையர் எல்லாம்..."

"வாம்மா, கார் வரைக்கும் வர்றேன்" என்று வெறுங்காலோடு வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தினேன். 'டக்' என்று பூட்டிக்கொண்டது. சாவியும் போனும் உள்ளே.

அப்போதுதான் வாய் திறந்து டெஸ்ட் விஷயத்தைச் சொன்னேன்.

"அட சாமி! அத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க? டெஸ்ட்டு வெக்கச் சொன்னதே நாங்கதானுங்களே!"

அவள் போனில் என் கணவரைக் கூப்பிட்டோம்.

"ஏதாவது ஜன்னல் வழியா போக முடியாதா?" என்றார்.

"எல்லாத்தையும் நான்தான் லாக் பண்ணினேன்."

"நல்லா பண்ணின போ."

அவர் இங்கே இருக்கிற பழைய ஆபீசிலிருந்து வர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை அவள் காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் தெருவில் யார் நாய் எந்தப் புல்லில் நிற்கும் என்பது வரை சொல்லி முடித்தேன். நான் அவ்வளவு பேசி யாரும் பார்த்ததில்லை. அவர் வந்து கதவைத் திறந்ததும் சட்டென்று உள்ளே போய்ச் சாத்திக்கொண்டார். நான் காரை விட்டு இறங்கியதும் அவள் கண்ணாடியை இறக்கி, "அப்ப வரட்டுங்களாக்கா?" என்றாள்.

மறுநாள் காலை ஆள் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டார். கதவு பத்து நிமிடம் திறந்திருந்ததைச் சொன்னேன். இன்னும் இரண்டு நாள் வைக்க வேண்டும் என்று பெட்டியைத் திரும்பவும் கீழே வைத்துவிட்டுப் போனார்.