முன்சில்லு நேராக இருந்தது

சுண்டுவிரல் நகமளவு வெள்ளைப் பெயின்ட். அத்தானின் மோட்டார் சைக்கிளை வேனிலிருந்து இறக்கி, பட்டறையின் தூக்குமேசையில் ஏற்றிக் கட்டியதும் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். வலது பக்கத்துக் கால்மிதி பின்னுக்கு மடங்கிப் போயிருந்தது. அதன் ரப்பர் கிழிந்த இடத்தில் அந்த வெள்ளை ஒட்டிக்கொண்டிருந்தது. அத்தானின் வண்டி கடும் நீலம். ஒரு நீல வண்டியில் வெள்ளைப் பெயின்ட் தானாக முளைக்காது. ஆறு வருடம் கழிந்துவிட்டது. இப்போதும் அந்த இடத்தை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது.

அத்தான் என்பது என் அக்காவின் கணவர். பதினேழு வயதில் அகதியாக வந்து இறங்கிய என்னைத் தன் இரண்டு அறை வீட்டில் வைத்திருந்து, நான் ஊஸ்டர் நகரத்தில் மெக்கானிக் படிப்பை முடிக்கும்வரை சோறு போட்டவர். அந்த நன்றிக்கடனில் முப்பது வருடமாக அவர் முன்னால் நான் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியிருக்க வேண்டும். பாசத்தில் நினைவுக் குறிப்பு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஆத்திரத்தில் எழுதுகிறேன்.

அவர் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் காலை வேலை பார்த்தார். அவர் குடியிருந்த கிராமத்திலிருந்து முதல் பஸ் புறப்படுவதற்குள் அங்கே பாண் வெட்டி, கோப்பி ஊற்றி முடித்திருக்க வேண்டும். அதனால்தான் அந்த மோட்டார் சைக்கிள். ஒக்டோபர் மாதம், மழை தூறிய ஒரு காலையில், சுற்றுவட்டத்துக்குள் அவர் போய்க்கொண்டிருந்தபோது வலப்பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு வெள்ளைக் கார் நிற்காமல் உள்ளே வந்து அவரை அடித்தது. இடப்பக்கமாக விழுந்தார். காறையெலும்பு முறிந்தது. அந்த முறிந்த எலும்போடு வண்டியை ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, நடந்து வேலைக்குப் போய், நாற்பது பேருக்குக் காலைச் சாப்பாடு கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். "அதுகள் வயசுபோன சனம், தம்பி. பசி தாங்காதுகள்" என்றார் என்னிடம். இதைக் கேட்டு அவரை மெச்சியவர்கள் உண்டு. எனக்கு அன்றைக்கே எரிச்சல்தான் வந்தது.

அடிபட்ட வண்டி பொய் சொல்லாது. எங்கள் தொழிலில் முதலில் திருத்துவதில்லை, முதலில் பார்ப்பது. நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இடப்பக்கத்தில் கிளட்ச் லீவர் உடைந்து, கைப்பிடியின் நுனி தேய்ந்து, எஞ்சின் மூடியில் நீளமாகச் சிராய்ப்பு. அது தார் ரோட்டில் வழுக்கிய பக்கம். வலப்பக்கத்தில் சிராய்ப்பே இல்லை. சைலன்சர் உள்ளுக்கு நசுங்கியிருந்தது, பிரேக் மிதி எஞ்சினோடு ஒட்டிப்போயிருந்தது, கால்மிதியில் அந்த வெள்ளை. அது அடி வாங்கிய பக்கம். பிறகு முன்னால் குந்தியிருந்து, முன்சில்லைத் தாங்கும் ஃபோர்க்கின் இரண்டு குழாய்களையும் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். மயிரிழை வளைவு இல்லை. முன்சில்லைச் சுற்றிவிட்டேன், ஆடாமல் அசையாமல் சுழன்றது. ஓடிப்போய் ஒரு காரில் மோதிய மோட்டார் சைக்கிளின் முன்சில்லு இப்படி நேராக இருக்காது. இதைச் சொல்வதற்கு நிபுணர் தேவையில்லை, பட்டறையில் ஒரு வருடம் வேலை பார்த்த எவனும் சொல்லுவான்.

பதினான்கு படங்கள் எடுத்தேன். அத்தான் கையைத் துணியில் தொங்கவிட்டபடி மூலையில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காப்புறுதிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த விபத்துப் படிவத்தை எடுத்து நீட்டினார். இரண்டு வாகனக்காரரும் சேர்ந்து நிரப்பிக் கையெழுத்துப் போடுகிற படிவம் அது. இரண்டு பக்கமும் ஒரே கையெழுத்தில் நிரம்பியிருந்தது. கார் ஓட்டிய பெண்ணின் கையெழுத்து. அத்தானுக்குரிய பக்கத்தில், ஈர ரோட்டில் வேகமாக வந்து வழுக்கி, நின்றிருந்த காரின் முன்பக்கத்தில் மோதினேன் என்று எழுதியிருந்தது. கீழே அத்தானின் பெயர், முத்து முத்தான எழுத்தில்.

"இதை வாசிக்காமலோ கையெழுத்து வைச்சனீங்கள்?"

"ஒராள் எழுதித் தரேக்கை முன்னால நிண்டு வாசிக்கிறதே? அந்தாளைச் சந்தேகப்படுற மாதிரியெல்லே" என்றார். பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவது போல, "அவ நல்ல பிள்ளை, தம்பி. பொலிசைக் கூப்பிடேல்லை" என்றார்.

நல்ல பிள்ளை! தன்னை அடித்து விழுத்தியவளுக்கு அவர் நன்றியோடு இருந்தார். இந்தப் பைத்தியக்காரத்தனத்தை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். ஏன் என்றும் எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில், இளந்தாரி வயதில், களவு போன தன் சைக்கிளுக்கு முறைப்பாடு எழுதிக்கொடுக்கப் பொலிஸ் நிலையத்துக்குப் போனவர் பதினொரு நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார். அந்தப் பதினொரு நாளைப் பற்றி அவர் கதைத்ததில்லை. "முறைப்பாடு குடுக்கப் போறவனைத்தான் முதல்ல பிடிச்சு உள்ளுக்குப் போடுவாங்கள்" என்று மட்டும் சொல்லுவார், ஏதோ காலநிலை சொல்வதுபோல. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சரி, அவரை அரட்டியவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். அவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். ஆனால் இருபத்தைந்து வருடம் இந்த நாட்டில் வரி கட்டி, பத்திரிகை வாசித்து, குப்பையைப் பிரித்துப் போட்ட மனிதர் அந்தப் பயத்தையும் இரவல் சாமான் மாதிரிப் பத்திரமாக வைத்திருந்தாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வண்டியை இப்படியே விடுங்கள், காப்புறுதியின் மதிப்பீட்டாளர் வந்து பார்க்கட்டும், நான் விளங்கப்படுத்துகிறேன் என்றேன். அத்தான் ஸ்டூலிலிருந்து எழுந்தேவிட்டார். அந்த மாதக் கடைசியில் அவர்கள் குடும்பத்துக்குக் குடியுரிமை நேர்காணல் இருந்தது. அக்கா, இரண்டு பிள்ளைகள், அவர், நால்வருக்கும் சேர்த்துப் போட்ட விண்ணப்பம். நேர்காணல் குழுவில் ஒருவர் அவர்களுடைய எதிர்க் கட்டடத்தில் குடியிருந்தார். நொறுங்கிய வண்டி தரிப்பிடத்தில் நிற்பதை அவர் காணக்கூடாது; விபத்து என்ற சொல்லே கிளம்பக்கூடாது.

"உதைக் கெதியாத் திருத்தித் தா. படங்களையும் அழிச்சுப்போடு. என்னால பிள்ளையளின்ர அலுவல் குழம்பக்கூடாது."

அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். "அவர் கேக்கிறதைச் செய்து குடு தம்பி. நேர்காணல் முடியட்டும், பேந்து பாப்பம்" என்றாள். பேந்து! எங்கள் சனத்தின் பாதி வாழ்க்கை இந்தப் பேந்துக்குள்தான் போய்ப் புதைந்து கிடக்கிறது.

நான் செய்து கொடுத்தேன். இதை எழுதும்போது யார்மேல் கோபம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. முதலாளியிடம் கேட்டு ஒரு சனிக்கிழமை முழுவதும் பட்டறையை எடுத்துக்கொண்டேன். மடங்கிய கால்மிதியைக் கழற்றும்போது ஆத்திரத்தில் இறுக்கித் திருப்பி ஒரு திருகாணியின் தலையையே முறித்தேன். அதைத் துளைத்து எடுக்க ஒரு மணித்தியாலம் போனது. சைலன்சரை மாற்றினேன். பிரேக் மிதியைச் சூடாக்கி நேராக்கினேன். எஞ்சின் மூடியின் சிராய்ப்பை அரம் போட்டு, உப்புத்தாள் போட்டு, மெருகேற்றி, விரல் வைத்துத் தடவினாலும் தெரியாதபடி செய்தேன். அந்தக் கால்மிதி கழிவிரும்புப் பெட்டிக்குள் போனது. அதை ஒரு துணியில் சுற்றி என் இழுப்பறைக்குள் போட்டிருக்கலாம். அந்த ஒரு நிமிட யோசனை எனக்கு வரவில்லை. என் தொழிலில் நான் கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொல்லுவார்கள். அன்றைக்கு என் கெட்டித்தனத்தை எல்லாம் திரட்டி, அத்தானுக்கிருந்த ஒரேயொரு சாட்சியைத் துடைத்து மினுக்கி இல்லாமல் ஆக்கினேன். பின்னேரம் வந்த அத்தான் வண்டியைப் பார்த்து முகம் மலர்ந்தார். பிறகு என் ஃபோனைக் கேட்டார். நானே அழிக்கிறேன் என்று, அவர் பார்க்கப் பார்க்க, ஒவ்வொன்றாகப் பதினான்கையும் அழித்தேன்.

நேர்காணலுக்குப் போகும்போது கையைத் தாங்கிக் கழுத்தில் கட்டியிருந்த துணியை வாசலில் அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டாராம். அக்கா சொன்னாள். முறிந்த எலும்போடு நிமிர்ந்திருந்து, ஒரு மணித்தியாலம், கேட்ட எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கிறார். கன்டோன் என்கிற மாநிலங்கள், ஏரிகள், மந்திரிமார் பெயர்கள், எல்லாம் மனப்பாடம். குழுவினர் கைகொடுத்து அனுப்பினார்கள். அக்கா அன்றைக்குப் பாயாசம் காய்ச்சினாள். நானும் குடித்தேன்.

கார்த்திகை மாதத்தில் அந்தக் கார்க்காரி கழுத்து நோகிறது என்று முறையிட்டு, கையெழுத்திட்ட படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பொலிஸ் அத்தானை அழைத்தது. வேலை என்று அக்காவுக்குச் சொல்லிவிட்டுத் தனியே போயிருக்கிறார். இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள், ஆம் என்றார். வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறார்கள். நாகரிகமாக, தண்ணீர் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்! மார்கழியில் தண்டனைக் கடிதம் வந்தது. கவனயீனமாக ஓட்டியது, ஒருவருக்குக் காயம் ஏற்பட்ட விபத்தை அறிவிக்காதது. முறிந்தது அவருடைய எலும்பு, காயம் அவளுக்கு. பத்து நாளுக்குள் ஆட்சேபிக்கலாம் என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. அத்தான் அந்தக் கடிதத்தைச் சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். தைப்பொங்கலுக்கு முதல்நாள் படங்களைத் துடைத்த அக்காதான் அதைக் கண்டெடுத்தாள்.

நான் ஓடித் திரிந்தேன், கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். ஒரு சட்டத்தரணியிடம் போனேன். காப்புறுதிக்கு ஃபோன் எடுத்தேன். எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள்: வண்டி எங்கே? திருத்தியாயிற்று. யார் திருத்தியது? நான். திருத்துவதற்கு முன் எடுத்த படம்? அழித்த படங்களை ஃபோன் முப்பது நாள் தனக்குள் வைத்திருக்குமாம். முப்பது நாளும் அவை என் சட்டைப் பைக்குள்தான் இருந்திருக்கின்றன. தண்டனை பதிவில் ஏறியது. அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் குடியுரிமை கிடைத்தது; அத்தானின் பெயர் விண்ணப்பத்திலிருந்து பிரித்து எடுக்கப்பட்டது.

இப்போது வாக்கெடுப்பு வரும்போதெல்லாம் அந்த வீட்டுக்குத் தபாலில் வாக்குச்சீட்டு உறைகள் மூன்று வருகின்றன. அத்தான்தான் தபால்பெட்டியைத் திறந்து எடுத்து வந்து, மேசையில் ஆளுக்கொன்றாக வைப்பார். அதோடு வரும் விளக்கப் புத்தகத்தை அவர்தான் முழுதாக வாசிப்பார். பிள்ளைகளிடம், "வடிவா யோசிச்சுப் போடுங்கோ" என்பார். தண்டனைப் பதிவு காலாவதியாகிவிட்டது, இப்போது திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று நான் படிவத்தையே கொண்டுபோய்க் கொடுத்தேன். "ஒருக்கா இல்லையெண்ட வீட்டுப் படியில திரும்ப ஏறுறதோ?" என்று சிரித்து மழுப்பிவிட்டார். தனக்கு நடந்த அநியாயத்தைத் தன் குணமாக ஆக்கிக்கொண்டவரை என்னதான் செய்வது?

இந்த வருடம் பங்குனியில் அந்த மோட்டார் சைக்கிளுக்கு அரசாங்கப் பரிசோதனைக்கு அழைப்பு வந்தது. நானும் கூடப் போனேன். பரிசோதகர் இளம் பையன், முப்பது வயது இருக்காது. விளக்கடித்து அடியெல்லாம் பார்த்தான், பிரேக்கை உருளையில் விட்டுப் பார்த்தான், ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டி வந்தான். பிறகு, இந்த வயது வண்டியில் இவ்வளவு துப்புரவைக் கண்டதில்லை, ஒருநாளும் விழாத வண்டி என்று மனம்விட்டுப் புகழ்ந்தான். அத்தான் என்னைப் பெருமையாகப் பார்த்துத் தலையாட்டினார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. விழுந்தது, என்றேன். ஜெர்மனில், மூச்சு விடாமல், எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றுவட்டம், வெள்ளைக் கார், உள்ளுக்கு நசுங்கிய சைலன்சர், ஆடாமல் சுழன்ற முன்சில்லு, இந்த மனிதர் யாரையும் மோதவில்லை, இவரைத்தான் மோதினார்கள். அந்தப் பையன் பொறுமையாகக் கேட்டான். திரும்பவும் குந்தியிருந்து வலப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தான். நல்ல வேலை, ஒன்றுமே தெரியவில்லை என்றான். பிறகு கடதாசியில் முத்திரை குத்திக் கொடுத்தான்.

வெளியே வந்ததும் அத்தான் கேட்டார். "என்ன தம்பி, உவனுக்கேன் உதெல்லாம் சொன்னனி? அவன்ர வேலை பிரேக் பாக்கிறதெல்லே."

"ஒருத்தனுக்காவது தெரியட்டும் எண்டுதான்."

"எனக்குத் தெரியுந்தானே. உனக்குந் தெரியும். ரெண்டு பேர் காணாதே?"

"காணாது!" என்றேன். "காணாது அத்தான்! எனக்குக் காணாது. நீங்கள் இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கவேணும். நானும் உங்களுக்கு ஏலாதெண்டு சொல்லியிருக்கவேணும்!" முப்பது வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்துக்கு நேரே கத்திவிட்டேன். வாகனங்களோடு வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள்.

அத்தான் அவர்கள் பக்கம் திரும்பி, சிரித்த முகத்தோடு கையை உயர்த்தி, எனக்காக மன்னிப்புக் கேட்டார்.