பாதியில் நின்ற ஆட்டுக்கல்

அடுத்த வீட்டில் ஆட்டுக்கல் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்து சட்டென்று நின்றால், இன்றைக்கும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுகிறேன். மாவு வழிக்க நிறுத்தியிருப்பாள். குழந்தை அழுதிருக்கும். வாசலில் கீரைக்காரி கூப்பிட்டிருப்பாள். எல்லாம் தெரியும். தெரிந்தும் காது அந்தக் கரகரப்புக்காகக் காத்து நிற்கிறது. மறுபடி சுற்றத் தொடங்கினால்தான் எனக்கு மூச்சு வருகிறது.

ஒரு தடவை அது மறுபடி சுற்றவில்லை.

மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில், ஒரே முற்றத்தைச் சுற்றி நாலு குடித்தனம். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று நகரமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய கோடை அது. இரண்டு குடித்தனம் பூட்டிக் கிடந்தது. என் கணவருக்குத் தபால் ஆபீஸ் வேலை, விட்டுப் போக முடியாது; அதனால் நாங்கள் இருந்தோம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அவளும் அவள் புருஷனும். என் வயதுதான் அவளுக்கும். சின்ன உடம்பு. கிணற்றடியில் என்னோடு பேசும்போதுகூட ஒரு காதை வாசல் பக்கமே வைத்திருப்பாள், அவன் செருப்புச் சத்தத்துக்காக. தோளில் காயம் இருந்தால் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் மாங்காய் விலையைப் பற்றிப் பேசுவாள்.

அவளைப் பெற்றவர்கள் தியாகராய நகரில் இருந்தார்கள். அவர்களும் ஊருக்குக் கிளம்புகிறார்கள், தானும் போக வேண்டும் என்று கேட்டாள். அவன் மறுத்தான். அன்று மத்தியானம் அதே சண்டை. நடுவில் அவள் உளுந்தை அரைக்க உட்கார்ந்துவிட்டாள். பதில் சொல்வதைவிட அரைப்பது நல்லது என்று அவளுக்குப் பழக்கம். கல் சுற்றியது. அவன் கத்தினான். கல் சுற்றியது. நின்றது.

அதற்கப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் வரவில்லை.

பொழுது சாய்வதற்கு முன் வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. அவள் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த பெரிய டிரங்குப் பெட்டியை அவனும் வண்டிக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"அவ எங்கே?" என்றேன்.

"எழும்பூர்ல காத்துண்டிருக்கா. கும்பகோணத்துக்கு, அவ அத்தையாத்துக்கு அனுப்பறேன்."

இருட்டும்போது பெட்டியோடு திரும்பினான். ரயிலில் பெட்டியை ஏற்ற விடவில்லையாம், அவள் மட்டும் போனாளாம். மறுநாள் காலை கிணற்றடியில் உட்கார்ந்து அந்தப் பெட்டியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினான். தான் சாப்பிட்ட தட்டை ஒரு நாள் நகர்த்தி வைத்தவன் இல்லை அவன். வெயிலில் காயவைத்து, அவள் பட்டுப்புடவைகளை மறுபடி அதிலே அடுக்கி, அந்துருண்டைகளை அள்ளி அள்ளிப் போட்டான். முற்றம் பூராவும் அந்த நெடி. அந்த நெடிக்கு அடியில், ஆட்டுக்கல்லில் பாதி அரைத்த உளுந்து புளித்துப் பொங்கி வழிந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. பக்கத்தில் ஊறப்போட்ட அரிசி அப்படியே.

ஒரு கல்லை இப்படி விட்டுவிட்டு எந்தப் பெண் ரயிலுக்குப் போவாள்?

அவள் கும்பகோணம் போய்ச் சேரவே இல்லை. கூட்டத்தில் தொலைந்துவிட்டாள் என்றான் முதலில். அப்புறம், யாரோடு போனாளோ என்று இழுத்தான். அவள் அம்மா என் வாசற்படியில் வந்து நின்றாள். நான் பார்த்ததைச் சொன்னேன். நடுவில் ஒரு கேள்வி கேட்கவில்லை. "உளுந்து மட்டும் பாதியா?" என்று கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். ஆமாம் என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு கோர்ட்டு கூடி, வக்கீல்கள் வாதாடி, எல்லோரும் தேடியதை அவள் அந்த ஒரு கேள்வியில் கண்டுபிடித்துவிட்டாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கு அந்த அம்மாவேதான் தன் புருஷனை இழுத்துக்கொண்டு போனாள். "ஊரே காணாமப் போயிருக்கு மாமி, திரும்பி வருவா, போங்கோ" என்று அனுப்பிவைத்தார்கள்.

காணாமல் போனவளுக்கு ஒரு தங்கை உண்டு. வரன் குதிர்ந்திருந்தது. பிள்ளை வீட்டார் கேட்டது ஒரே கேள்வி: உங்காத்துல சாவு உண்டா, இல்லையா? உண்டென்றால் தீட்டு, அபசகுனம், கல்யாணம் தள்ளிப்போகும், ஒருவேளை தப்பியே போகும். சாவு இல்லை என்று அவள் அப்பா சொன்னார். பெரியவள் ஊரில் இருக்கிறாள், உடம்பு சரியில்லை என்று பந்தலில் நின்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். ஆவணியில் தியாகராய நகரில் மேளம் கொட்டியது. அவனும் வந்தான், மூத்த மாப்பிள்ளையாக. முதல் பந்தியில் உட்கார்ந்தான். அப்பளத்தை அவன் நொறுக்கின சத்தம் எனக்குக் கேட்டது. தட்டில் வேஷ்டி வைத்துக் கொடுத்தார்கள், எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவே இல்லை.

மழைக்காலத்தில் ஊர் திரும்பியவர்களில் அந்த ஜட்காக்காரரும் ஒருவர். ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்கு எதிரில் நின்ற குதிரையை நெற்றி வெள்ளையை வைத்து அடையாளம் கண்டேன். உருது பேசும் வீட்டு மனிதர், வயதானவர். கேட்டதும் மறைக்கவில்லை.

"எழும்பூர் எங்கம்மா போனோம்? அடையாறு பாலம் தாண்டி, ஆறு கடல்ல சேர்ற எடத்துக்கில்ல போனோம். பொட்டிய மண்ல எறக்கிட்டு, போயிட்டு அப்பாலிக்கா வான்னாரு. வந்து பாத்தா பொட்டி லேசா கீது. போவச்சொல்ல ரெண்டு பேரு தூக்கினோம், வரச்சொல்ல அவரே ஒத்தைக் கையில எடுத்துக்கினாரு."

இதை அவர் போலீஸிலும் சொன்ன பிறகுதான் அவனைப் பிடித்தார்கள்.

சர்க்கார் வக்கீல் அபிராமபுரத்தில் இருந்தார். சாட்சிகளைத் தம் வீட்டுக்கே வரவழைத்துக் கேட்டார். நல்ல மூளை. "உடம்பு கிடைக்கல்லேன்னா கொலைக் கேஸே இல்லேன்னு எல்லாரும் நினைச்சுண்டிருக்கா. சட்டம் அப்படிச் சொல்லலை. அவ உயிரோட இல்லேன்னு வேற வழியில ஜூரி நம்பினாப் போறும்" என்றார். உளுந்து, பெட்டி, ஜட்கா, விட்டுப்போன புடவைகள் என்று ஒவ்வொன்றாகக் கோத்தார். என்னையும் வண்டிக்காரரையும் மாற்றி மாற்றிக் குடைந்து பழக்கினார்.

அம்மா கேட்டாள், "நான் சொல்றேனே. எம்பொண்ணு செத்துட்டான்னு நான் சொல்றேன்."

"பொம்மனாட்டிகளை எதுக்குக் கூண்டுல ஏத்தணும்? ஏற்கெனவே இந்தப் பொண்ணு ஒருத்தி இருக்கா. அப்பா சொன்னாப் போறும்."

அப்பாவை அவர் ஒரு கேள்விகூடக் கேட்டுப் பார்க்கவில்லை. பெற்றவருக்குப் பாடம் வேண்டுமா என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இந்த வயதிலும் பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

கோர்ட்டில் என் முறை முதலில். ஜூரி பெஞ்சு முழுக்க ஆண்கள். எதிர்த்தரப்பு வக்கீலும் எங்கள் மயிலாப்பூர்க்காரர்தான், மாட வீதியில் வீடு.

"ஆக, ஒரு மனுஷன் தலை போற கேஸ்ல நீங்க அரிசி மாவுக்குச் சாட்சி சொல்ல வந்திருக்கேள்."

"அரிசி இல்லை, உளுந்து. அரிசி ஊறிண்டுதான் இருந்தது."

சிரித்தார்கள். ஜூரியும் சிரித்தது. என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா என்று தெரியவில்லை. அரைக்கிற கை ஒன்றுகூட அந்த பெஞ்சில் இல்லை.

கோர்ட்டில் அவன் கதை மாறியது: பெட்டிக்குள் பித்தளைப் பாத்திரம் இருந்ததாம். குண்டுக்குப் பயந்து சவுக்குத் தோப்பில் புதைத்தானாம். எல்லோரும்தானே புதைத்தார்கள்! பாத்திரம் எங்கே என்றால், யாரோ தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடலில் போட்டிருந்தால் கடல் திருப்பிக் கொடுத்திருக்காதா, ஊரூர்க் குப்பத்து வலைக்காரர் ஒருவர் கண்ணிலாவது படாதா என்று வக்கீல் கையை விரித்தார். ஆனாலும் ஜட்காக்காரர் அசையவில்லை. "உள்ளே பார்த்தாயா?" என்றதற்கு, "பாக்கல. தூக்குன தோளு பொய் சொல்லுமா சாமி?" என்றார். ஜூரியில் இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். சாட்சி சொல்லி முடித்துவிட்டதால் நான் பின்னால் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். அவள் கை என் கையில். அந்தச் சமயம் நாங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அப்பா கூண்டில் ஏறினார்.

எதிர்த்தரப்பு வக்கீல் குரலைத் தாழ்த்தி, குளக்கரையில் சந்தித்தவர் மாதிரி விசாரித்தார்.

"கல்யாணமான பொண் போயிட்டா, பெத்தவாளுக்கு எத்தனை நாள் தீட்டு?"

"மூணு நாள்."

"சேதி காதுல விழுந்ததும் தலைமுழுகணும் இல்லையா?"

"ஆமாம்."

"நீங்க முழுகினேளா?"

அப்பா கீழே பார்த்தார். "இல்லை."

"தீட்டுக் காத்தேளா?"

"இல்லை."

"அந்த ஆவணியிலேயே சின்னவளுக்குக் கல்யாணம் பண்ணினேள். இவரை அழைச்சு, வேஷ்டி கொடுத்து மரியாதை பண்ணினேள். பொண்ணைக் கொன்னவனுக்கு யாராவது வேஷ்டி கொடுப்பாளா?"

"மாப்பிள்ளைக்குக் கொடுக்கறது வழக்கம்..."

மாப்பிள்ளை! கூண்டில் நின்று, சத்தியம் செய்த வாயால், அவனை மாப்பிள்ளை என்றார்.

சர்க்கார் வக்கீல் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. இந்த வழக்கங்களுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்; அது ஒரு சாட்சியமாகும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மீன் தண்ணீரைப் பார்க்குமா? "ஏன் கர்மம் பண்ணலை, சொல்லுங்கோ" என்றார்.

"உடம்பு இல்லேன்னா தர்ப்பையில உருவம் பண்ணித்தான் கொள்ளி வைக்கணும். பிள்ளை இல்லை. அதைப் புருஷன்தான் பண்ணணும். மாப்பிள்ளை பண்ணாம, அவ போயிட்டான்னு நாங்க எப்படிச் சொல்றது?"

கேட்டீர்களா? கொன்றவன் தர்ப்பையைக் கையில் எடுத்தால்தான் செத்தவள் செத்தவளாவாள். அதுவரை அவள் எங்கேயோ சௌக்கியம். இதைச் சாத்திரம் என்று தலையாட்டினார்கள், பெஞ்சில் பாதிப் பேர், பழக்கத்தில். என் பக்கத்தில் அம்மா எழுந்துவிட்டாள். "செத்துட்டா! எம்பொண்ணு செத்துட்டா!" என்றாள். டவாலிச் சேவகன் வந்து வெளியே போகச் சொன்னான். ஜூரி அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று நீதிபதி சொன்னார். கோர்ட்டில் பேசப்பட்ட ஒரே உண்மை, கணக்கில் எடுக்கக் கூடாததாயிற்று.

விடுதலை. பெற்றவர்களே உயிரோடு இருக்கிறாள் என்று நடந்துகொண்டபோது ஜூரி வேறென்ன சொல்லும் என்று ஊர் பேசியது.

படிக்கட்டில் அம்மா அவனை மறித்தாள். "உன்னை ஒண்ணும் கேக்கலை. அவளுக்குப் பண்ணிடு. அது போறும்."

அவன் சுற்றிலும் பார்த்துவிட்டு, நாலு பேர் காதில் விழும்படி சொன்னான்: "உயிரோட இருக்கறவளுக்குப் பண்றது பாவம் மாமி."

மறுநாள் காலை அம்மா தனியாக என் வீட்டுக்கு வந்தாள். "அந்த வண்டிக்காரரைக் கூப்பிடு" என்றாள். அதே வண்டி, அதே நெற்றி வெள்ளைக் குதிரை. பாலம் தாண்டியதும் அம்மா முன்பக்கம் குனிந்து கேட்டாள்.

"அன்னிக்கு வழியில வண்டி ரொம்ப ஆட்டித்தா? பெட்டி எங்கேயாவது இடிச்சுதா?"

ஜட்காக்காரர் திரும்பவில்லை. கடிவாளத்தைப் பிடித்தபடியே சொன்னார்.

"இல்லம்மா. மெதுவாத்தான் ஓட்டினேன். குதிரைக்கு வயசாயிட்ச்சு, அது ஓடாது. பொட்டிக்கு அடில வைக்கோல் போட்டிருந்தேன்."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டாள். போகும் வழியெல்லாம் ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

முகத்துவாரத்தில் தண்ணீர் கலங்கலாக இருந்தது. தூரத்தில் குப்பத்துக் கட்டுமரங்கள் காய்ந்தன. மந்திரம் இல்லை, வாத்தியார் இல்லை, தர்ப்பை இல்லை. கட்டிய புடவையோடு இடுப்பளவு இறங்கி முழுகினாள். எழுந்து மறுபடி முழுகினாள். வெளியே வந்தபோது அழவில்லை. யாரையோ அடித்துவிட்டு வந்தவள் மாதிரி மூச்சு வாங்கினாள். ஜட்காக்காரர் குல்லாயைக் கையில் எடுத்துக்கொண்டு குதிரைப் பக்கம் திரும்பி நின்றார்.

ஈரத்தோடேயே தியாகராய நகர் வந்தோம். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தச் சொன்னாள். புடவையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"மாமி, ஆத்துல கேட்டா என்ன சொல்வேள்?" என்றேன்.

"பொண்ணு செத்துட்டா, மூணு நாள் தீட்டு, யாரும் என்னைத் தொடாதேங்கோன்னு சொல்வேன்" என்றாள். இறங்கினவள், பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டாள். "நீயும்தான். தள்ளி நில்லு."