சப்பாத்துக் கழற்றிய பேய்கள்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்குப் பேய்கள் வந்தன. ஒன்றிரண்டு அல்ல... கூட்டமாக. வந்த பேய்கள் வாசலில் சப்பாத்துகளைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே வந்து, கதிரையில் உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போயின.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். என் மனைவியும் முதலில் நம்பவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் தெருவில் ஒக்டோபர் கடைசி நாள் என்றால் பெரிய அமளி. ஹாலோவீன். இருட்டுப்பட்டதும் பிள்ளைகள் சூனியக்காரி, எலும்புக்கூடு, இரத்தக்காட்டேரி என்று வேடம் போட்டு வீடு வீடாக மணி அடிப்பார்கள். 'இனிப்பா, புளிப்பா?' என்று ஜேர்மன் மொழியில் ஒரு மிரட்டல். இனிப்புக் கொடுத்தால் தப்பினீர்கள். இல்லையென்றால் கதவுப் பிடியில் பற்பசை பூசிவிட்டுப் போவார்கள்.

எங்கள் வீடு இனிப்பும் கொடுக்காமல் புளிப்பும் வாங்காமல், உறைப்பைக் கொடுத்த வீடு.

சென்ற வருடம் லண்டனிலிருந்து மச்சான் வந்து நின்றார். மணி அடித்தது. கதவைத் திறந்தார். மழைக்குள் நின்ற குஞ்சு குருமான்களைப் பார்த்ததும் மனிதருக்கு மனம் இளகிவிட்டது. நேரே குசினிக்குள் போய், தகரப் பேணியில் இருந்த மிளகாய்த்தூள் முறுக்கை எடுத்து வந்து, ஆளுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தார். அங்கேயே நின்று சாப்பிடச் சொல்லி அன்பாக வற்புறுத்தியும் இருக்கிறார். ஒரு சின்னப் பிசாசு எங்கள் குழாயில் தண்ணீர் குடித்து அழுததில் அதன் முகத்துப் பூச்செல்லாம் கரைந்து போயிற்று.

மச்சான் லண்டனுக்குப் போய்விட்டார். பெயர் இங்கே தங்கிவிட்டது. என் மகள் ஆரணியின் வகுப்பில் எங்கள் வீட்டுக்கு 'உறைப்பு வீடு' என்று பெயர்.

ஆரணி இப்போது நாலாம் வகுப்பு. இங்கே நாலாம் வகுப்போடு ஆரம்பப் பள்ளி முடிந்துவிடும். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பள்ளிக்கூடம். இந்த வருடம் பெயரைத் திருத்தாவிட்டால் இனித் திருத்தவே முடியாது என்பது அவளுடைய கவலை. சிரிக்காதீர்கள். ஒன்பது வயதில் அது சின்னக் கவலை அல்ல.

அதனால் இந்த முறை கேக். அதுவும் பேய் கேக். கடையில் வாங்கியது கூடாது, தன் கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இத்தனைக்கும் என் மனைவி சுகந்தி வேலை செய்வதே ஒரு வெதுப்பகத்தில். நாள் முழுக்கக் கேக் விற்கிற பெண். அன்றைக்கு அவளுக்குப் பின்னேர வேலை. ஆக, மாவும் நானும் இரண்டு பிள்ளைகளும் குசினியில் தனித்துவிடப்பட்டோம்.

சுகந்தி போகும்போது ஒரே ஒரு சட்டம் சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை. வீட்டில் முட்டை உடைக்கக் கூடாது.

முட்டை இல்லாத கேக்கா? இருக்கிறதாம். தயிரும் சோடாவும் போட்டுச் செய்யலாமாம். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டுமே... ஜேர்மனிக்கு வந்த காலத்தில் நான் வெட்டாத வெங்காயம் இந்த நாட்டில் இல்லை. ரெஸ்டோரண்ட் குசினியில் பத்துப் பேருக்கான குழம்பைக் கண்ணளவிலேயே வைத்தவன். கேக் எம்மாத்திரம் என்று இறங்கினேன்.

மாவைக் குழைத்துக்கொண்டிருக்கும்போது ஆரணி என்னிடம் தன்னுடைய நிபந்தனைகளைச் சொன்னாள். மிகவும் பணிவாகத்தான் சொன்னாள்.

"அப்பா, ஒருத்தரையும் உள்ளுக்குக் கூப்பிடக் கூடாது. தேத்தண்ணி வேணுமோ எண்டு கேக்கக் கூடாது. அவையின்ர அப்பா என்ன வேலை எண்டும் கேக்கக் கூடாது. பைன்லிஷா இருக்கும்."

பைன்லிஷ் என்றால் மானம் போகிற காரியம். ஜேர்மனியில் பிறந்த பிள்ளைகள் வைத்திருக்கும் எல்லோரும் அறிந்த சொல். அவர்களுடைய அகராதியில் அந்தச் சொல்லுக்கு நேரே பெரும்பாலும் எங்கள் படம்தான் இருக்கும்.

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. வீடு தேடி வந்தவர்களை வாசலில் நிற்க வைத்துக் கையில் எதையோ திணித்து அனுப்புவதா? எங்கள் வீட்டுக்கு ஹீட்டர் மீட்டர் பார்க்க வந்தவர்கூட உழுந்து வடை சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். ஆனாலும் இது அவளுடைய நாள். ஓம் என்றேன்.

கேக் அவணுக்குள் போனது. ஐந்து வயதுக் கவின், பேய் வந்துவிட்டதா என்று பார்க்க அடிக்கடி அவண் கதவைத் திறந்தான். திறக்கத் திறக்க, கேக் மனம் நொந்து உட்கார்ந்துவிட்டது. தட்டில் கவிழ்த்தேன். பாதி தட்டில், பாதி மேசையில், மீதி நிலத்தில். கேக் என்று சொல்ல முடியாது. நல்ல புட்டு என்று சொல்லலாம்.

ஆரணி குனிந்து நிலத்தில் கிடந்ததைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். கண் மட்டும் நிறைந்துவிட்டது.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. உதிர்ந்து போனால் என்ன? உதிரியை வைத்துத்தானே நாங்கள் காலங்காலமாகப் பயற்றம் உருண்டை பிடிக்கிறோம்? பட்டரும் ஐசிங் சீனியும் போட்டுக் குழைத்தேன். மூவரும் சுற்றி இருந்து உருண்டை பிடித்தோம். வெள்ளைச் சொக்லேட்டைச் சுடுதண்ணீருக்கு மேல் உருக்கி, உருண்டைகளை அதற்குள் போட்டு எடுத்தோம். சொக்லேட் கீழே வழிந்து இறுகியபோது, அசல் பேய். வெள்ளைச் சீலை போர்த்திய குண்டுப் பேய்.

கண் வைக்கிற பொறுப்பு கவினுடையது. சின்னச் சின்னக் கறுப்புச் சொக்லேட் துளிகள். அவன் ஒவ்வொரு பேய்க்கும் நெற்றியில் ஒரு கண் கூடுதலாக வைத்தான். ஏனடா என்று கேட்டதற்கு, சாமி அறையில் படத்தில் அப்படித்தானே இருக்கிறது என்றான். ஆரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆக, எங்கள் வீட்டுப் பேய்கள் எல்லாம் நெற்றிக்கண் பேய்கள்.

இருட்டியதும் முதல் மணி அடித்தது.

ஒரு சூனியக்காரியும் ஒரு வௌவாலும். தட்டை நீட்டினோம். வௌவால் சூனியக்காரியின் காதில் ஏதோ சொன்னது. 'உறைப்பு' என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. கடையில் பக்கெட்டில் அடைத்து விற்பதை மட்டும் வாங்கச் சொல்லி வீட்டில் உத்தரவு என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டு இருவரும் போய்விட்டார்கள்.

அடுத்து ஒரு கௌபோய் தனியாக வந்தான். ஆரணியின் வகுப்புத்தான். ஒன்று எடுத்தான். நன்றி சொன்னான். ஆரணி ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். அவன் எங்கள் மதில் ஓரம் நின்று, பேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மதிலின் மேல் மெதுவாக வைத்துவிட்டுப் போனான். எறியவில்லை. எறிந்திருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம்.

ஆரணி தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

அந்தப் பிள்ளைகளில் பிழை உண்டா? இல்லை. தெரியாதவர் வீட்டில் எதையும் வாங்கித் தின்னக் கூடாது என்று என் பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு நாங்கள் தெரியாதவர்கள். ஏழு வருடமாக ஒரே தெரு. தினமும் 'ஹலோ'. ஆனாலும் தெரியாதவர்கள்.

மூன்றாவது மணி. வாசலில் ஆரணியின் வகுப்புத் தோழி லேனா, எலும்புக்கூடாக. கூடவே இரண்டு குட்டிப் பிசாசுகள். பின்னால் குடையோடு லேனாவின் அம்மா. மழை பிடித்துக்கொண்டது. ஆரணி மறுபடியும் தட்டோடு வந்து நின்றாள். அந்த அம்மாவும் மிகத் தயக்கத்தோடு அதையேதான் சொன்னார். வீட்டில் செய்தது வேண்டாம், தவறாக நினைக்காதீர்கள் என்று.

ஆரணியின் முகத்தைப் பார்த்தேன். பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. வாய் தானாகவே திறந்துகொண்டது. உள்ளே வாருங்கள், ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று ஜேர்மனில் சொல்லிவிட்டேன்.

ஆரணி கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த அம்மா வேண்டாம் என்றார். இங்கேதான் இரண்டு நாகரிகங்கள் மோதின. ஜேர்மன்காரர் ஒருமுறை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எங்களுக்கு முதல் 'வேண்டாம்' கணக்கில் சேராது. அது ஒரு மரியாதைக்குச் சொல்வது. மறுபடி கேட்டேன். மறுபடி வேண்டாம் என்றார். மூன்றாவது முறை கேட்பதற்குள் கவின் குனிந்து எலும்புக்கூட்டின் சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கிவிட்டான். வீட்டுக்குள் வருகிறவர்கள் சப்பாத்துக் கழற்ற வேண்டும் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்த சட்டம். மழையும் பலத்தது. வந்தார்கள். எலும்புக்கூட்டின் காலுறையில் ஓட்டை. பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

குசினியை நாங்கள் துப்புரவாக்கவே இல்லை. சட்டி, கரண்டி, மா, சுவரில் கவினின் ஐந்து விரலும் சொக்லேட்டில். மறைக்க நேரமில்லை. லேனாவின் அம்மா எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். சோடாப் பக்கெட்டை எடுத்துப் பார்த்தார். முட்டைக் கோது ஒன்றையும் காணவில்லையே என்று கேட்டார். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, அதனால் முட்டை இல்லை என்றேன். இதை எப்படி விளக்கப் போகிறேன் என்று யோசிக்க முன்னரே அவர் தலையாட்டினார். தன் தாய் வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சியே வராதாம். மீன்தானாம். இன்றைக்கும் அப்படித்தானாம்.

வந்தவர்களுக்கு முன்னால் வீட்டுக்காரன் வாயில் வைப்பது எங்களில் வழக்கமில்லை. அன்றைக்கு வைத்தேன். ஒரு நெற்றிக்கண் பேயை முழுதாக விழுங்கிக் காட்டினேன். அந்த அம்மா சிரித்துவிட்டு ஒன்றை எடுத்துக் கடித்தார். மென்றார்.

பிறகு ஆரணியைப் பார்த்து, இதை நீயா செய்தாய் என்று கேட்டார்.

"ஓம்," என்றாள் ஆரணி. பதற்றத்தில் தமிழ் வந்துவிட்டது. ஆனாலும் அவருக்கு விளங்கியது. தட்டிலிருந்து இன்னும் ஒன்றை, கேட்காமலே எடுத்தார்.

அதற்குப் பிறகு என்னால் எண்ண முடியவில்லை. அந்த அம்மா வாசலுக்குப் போய்த் தெருவில் குடைகளுக்குக் கீழே நின்ற மற்றப் பெற்றோரையும் கூப்பிட்டுவிட்டார். வௌவால் திரும்பி வந்தது. சூனியக்காரி வந்தாள். நான் இஞ்சி போட்டுப் பெரிய சட்டியில் தேத்தண்ணி வைத்தேன். கதிரைகள் முடிந்து, முக்காலி முடிந்து, ஒரு மந்திரவாதி உடுப்புக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் இருந்தான். கௌபோயும் வந்து சேர்ந்தான். ஆரணி அவனுக்கென்று ஒரு பேயைத் தேர்ந்தெடுத்துக் கையில் கொடுத்து, அவன் விழுங்கி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

இரண்டு நிபந்தனைகள் போய்விட்டன. மூன்றாவதை மட்டும் வைத்திருந்து என்ன செய்வது? லேனாவின் அப்பா என்ன வேலை என்று கேட்டேன்.

குழாய் திருத்துகிறவராம்.

வாசகர்களே, ஜேர்மனியில் இருக்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். இங்கே கடவுளைக்கூட நேரில் கண்டுவிடலாம். குழாய் திருத்துகிறவரின் டெர்மின், அதுதான் வந்து பார்க்க ஒரு நாள், கிடைக்காது. எங்கள் குளியலறைக் குழாய் கோடையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. புதன்கிழமை வருகிறாராம். ஊர் விசாரிக்கிற பழக்கத்தை யாராவது இனிக் குறை சொல்லட்டும், பார்க்கிறேன்.

இந்த நேரத்தில்தான் சுகந்தி வேலை முடிந்து வந்தாள்.

அவளுடைய பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். சொல்லாமல் கொள்ளாமல் வாசல் நிறையச் சப்பாத்து. வீடெல்லாம் வெளிச்சம். உள்ளே சனம் கதைக்கிற சத்தம். எங்கள் ஆட்களுக்கு இதைப் பார்த்தால் என்ன தோன்றும்? வெதுப்பகத்திலிருந்து கொண்டுவந்த பாண் பையை அப்படியே போட்டுவிட்டு, சப்பாத்தும் கழற்றாமல், "ஆருக்கு என்னப்பா?" என்று கேட்டபடி ஓடி வந்தாள்.

செத்த வீடு என்று நடுங்கி ஓடி வந்தவளுக்கு முன்னால், செத்தவர்களே வரிசையாக இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

எலும்புக்கூடு எழுந்து நின்று குட்டன் ஆபென்ட் என்று மாலை வணக்கம் சொன்னது. சுகந்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். கிட்டத்தட்ட வெறுமையான தட்டைப் பார்த்தாள். இப்போது எனக்கு விழும் என்று காத்திருந்தேன்.

"ஏனப்பா, இவ்வளவு சனத்துக்கும் சாப்பிட ஒண்டும் குடுக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டு, விழுந்த பாண் பையைப் பொறுக்கிக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போனாள்.

எல்லோரும் போன பிறகு குசினி மேசையில் ஒரே ஒரு பேய் மீதம் இருந்தது. ஆரணி அதற்கு முன்னால் யோசனையோடு இருந்தாள். கொடுத்த வாக்கில் ஒன்றைக்கூடக் காப்பாற்றாத அப்பா நான். மெல்லப் போய்ப் பக்கத்தில் இருந்தேன். சரியான பைன்லிஷ் ஆகிவிட்டதா என்று கேட்டேன்.

அவள் பேயின் நெற்றிக்கண்ணை மட்டும் கிள்ளி வாயில் போட்டாள்.

"அடுத்த வருஷம் கதிரை காணாது, அப்பா," என்றாள்.

கலியாண வீடுகளுக்குக் கதிரை வாடகைக்கு விடுகிற தம்பிமார் யாராவது இதை வாசித்தால், ஒக்டோபர் கடைசியில் எனக்குக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். யாருக்கென்று கேட்டால் மட்டும்... விருந்தாளிகளுக்கு என்று சொல்லிவிடுங்கள்.