இரண்டு தாள்களில் ஒரே தவறு

மலேசியாவின் அலோர் காஜாவில் ஓர் இடைநிலைப்பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். ஒரு முறை எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வுக்கான முன்னோட்டத் தேர்வில், ரப்பர் தோட்டக் குடியிருப்பிலிருந்து வரும் மாணவி ஒருத்தி திடீரென்று எழுபதைத் தாண்டினாள். அதுவரை நாற்பதைத் தொடாதவள். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, சந்தேகம்தான் வந்தது.

அவளுடைய தாளை மறுபடி புரட்டினேன். ரப்பர் பால் உறைவதைப் பற்றிய கேள்விக்கு, துகளைச் சுற்றியுள்ள சவ்வில் நேர்மின்னூட்டம் இருப்பதாக எழுதியிருந்தாள். உண்மையில் அது எதிர்மின்னூட்டம். வகுப்பில் முதலாவதாக வரும் மாணவியின் தாளிலும் அதே தவறு, ஏறக்குறைய அதே வார்த்தைகளில். வேறு யாரும் அப்படி எழுதவில்லை. மண்டபத்தில் இருவரும் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்கள். கழிவறைக்குப் போனார்களா, கைப்பேசி ஏதும் உள்ளே வந்ததா என்று என் யோசனை ஓடியது.

தோட்டத்துப் பெண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தேன்.

“யாரைப் பார்த்து எழுதுன?”

“யாரையும் பார்க்கல டீச்சர்.”

“அப்புறம் எப்படி ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு?”

“அவதான் பஸ் ஸ்டேஷன்ல எனக்குச் சொல்லிக்கொடுப்பா.”

முதலாவதாக வரும் மாணவியையும் வரச் சொல்லிக் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தபடி, “நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கல டீச்சர்” என்றாள். தோட்டத்துப் பெண் அழவில்லை. தோழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளை மட்டும் எதிரே உட்கார வைத்து, புதிய கேள்விகள் கொடுத்தேன். பெரும்பாலும் சரியாகவே எழுதினாள். சவ்வு வந்த இடத்தில் மட்டும் மறுபடி அதே தவறு. அப்போதும் என் மனம் இறங்கவில்லை. மனப்பாடம் செய்துகொண்டு வந்திருப்பாளோ? மதிப்பெண்ணை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை என் காருக்குப் பக்கத்தில் முதலாவதாக வரும் மாணவி காத்திருந்தாள்.

“டியூஷன் நோட்ஸ யாருக்கும் காட்டக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க டீச்சர். தெரிஞ்சா அடிப்பாங்க. அதான் பொய் சொல்லிட்டேன். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தப்பா சொல்லிக்கொடுத்ததும் நான்தான்லா.”

அன்றே மதிப்பெண்ணைக் கொடுத்தேன். தோட்டத்துப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டேன். “பரவால்ல டீச்சர்” என்றாள். அதன் பிறகு அவர்கள் இருவரும் சேர்ந்து பேருந்துக்கு நடப்பதை நான் பார்க்கவில்லை.

அடுத்த சோதனையில் என் மேசைக்கு நேர் எதிரே இருந்த இடத்தைத் தோட்டத்துப் பெண் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். தாளை நீட்டும்போது, “பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க டீச்சர்?” என்றாள்.