பல்லக்கின் கீழே படுத்த பீஷியா அக்கா

என் அறைக்குக் கீழ்த்தளத்தில் துணி திருத்தித் தைக்கிற பீஷியா அக்காவின் கைகளில் எப்போதும் நகக்கீறல் இருக்கும். எங்கள் தைனான் நகரத் தெருக்களில் ஈன்ற பூனைகளைக் குட்டிகளோடு கொண்டுவந்து, குட்டிகளுக்கு வீடு கிடைக்கும்வரை வளர்ப்பார். இந்த முறை வந்தது ஒரு சாம்பல்நிறத் தாய். கண் திறக்காத நான்கு குட்டிகள். குளியலறைக் கதவைத் தொட்டாலே உள்ளிருந்து சீறுவாள்.

"என் மாமியார்கூட இப்படிச் சீறினதில்ல தம்பி" என்பார் அக்கா, பெருமையாக.

அன்று கோயில் பல்லக்கு எங்கள் தெருவுக்கு வரும் நாள். தெய்வம் வாசலுக்கு வரும்போது வீடு அழுக்காக இருக்கலாமா? அக்கா குளியலறையையும் விடவில்லை. குட்டிகளின் துண்டை உருவித் துவைத்து, வேறு துண்டு விரித்தார். வாசலில் மேசை போட்டு, தரைவரை தொங்கும் சிவப்புத் துணி கட்டினார். நான் ஆளில்லாத தெருவாகப் பார்த்து நடந்து, படையலுக்குப் பழம் வாங்கப் போனேன்.

திரும்பியபோது உள்ளே அக்காவின் குரல். குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. குட்டிகள் கிடந்த பெட்டி காலி; தாயையும் காணோம்.

"தின்னுட்டா தம்பி. வாசனையைத் துவைச்சிட்டேன்ல, தன் குட்டின்னே தெரியாமத் தின்னுட்டா."

தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லையே என்று சொல்ல நினைத்தேன்.

அப்போது வாசல்பக்கம் மெல்லிய கீச்சொலி. அக்கா ஓடிப்போய் மேசைத் துணியை விலக்கினார். நான்கும் அங்கே, நடுவில் தாய். கையை நீட்டியதுதான் தாமதம், பல் பதிந்தது.

இரண்டடி தள்ளி, இரும்புக்கடை சுவாங் மாமா சரவெடியை விரித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, வேணாம்! குட்டிங்க இருக்கு. இவ பயந்து ஓடிட்டா அதுங்க செத்துரும்" என்று கத்தினார் அக்கா.

"சாமி வருது, வெடி வைக்காம இருப்பாங்களா? உன் பூனைகிட்ட பெர்மிஷன் வாங்கணுமாக்கும்!"

பல்லக்கு தெருமுனை திரும்பிவிட்டது. அக்கா நடுத்தெருவுக்குப் போய்க் குப்புறப் படுத்துவிட்டார்.

பல்லக்கு நம் மேலாகத் தாண்டிப் போனால் நல்லது என்று எங்கள் ஊரில் தெருவில் வரிசையாகப் படுப்பார்கள். ஆள் படுத்திருக்கும்போது யாரும் வெடி கொளுத்தமாட்டார்கள். ஆனால் ஒருத்தியைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும், அதற்குள் தாய் நான்கு குட்டிகளையும் தூக்கிப் போய்விடுவாளா? பேருந்தை நிறுத்தக் கை நீட்டவே கூசுகிற நான், எப்படியென்று தெரியாது, அக்காவின் காலடியில் படுத்தேன். எனக்குப் பின்னால் யாரோ படுத்தார். பிறகு இன்னும் பலர். வரிசை என்றே நினைத்துத் தெரு படுத்துக்கொண்டது.

"இன்னைக்கு என்னடா எல்லாருக்கும் இவ்ளோ பக்தி?" சுவாங் மாமா புகையும் ஊதுவத்தியோடு நின்றார்.

தாரில் கன்னம் பதித்து மேசையையே பார்த்தேன். சிவப்புத் துணி அசைந்தது. வாயில் ஒரு குட்டியோடு தாய் வெளியே வந்து வீட்டுக்குள் போனாள். மீண்டும் வந்தாள். மீண்டும். முதுகின் மேல் பல்லக்கின் நிழல் ஊர்ந்தது.

படுத்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அக்கா மட்டும் எழவில்லை. பல்லக்குக்காரர் ஒருவர் திரும்பி வந்து குனிந்தார்.

"எந்திரிங்கக்கா, சாமி போயிருச்சு."

"மாட்டேன். இன்னும் ஒண்ணு இருக்கு."

"இல்லக்கா, ஒரே சாமிதான்."

தாய் கடைசிக் குட்டியைக் கவ்வி எங்களைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அந்தச் சாம்பல்வால் வாசலுக்குள் மறைந்தது. அக்கா தாரில் கையூன்றி எழுந்தார்.

"கதவைச் சாத்து தம்பி."

சாத்தினேன். சுவாங் மாமா குனிந்து வெடியைப் பற்றவைத்தார்.