அஸர் பாங்கு கேட்ட புழுக்கள்

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுச் சந்தில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மெஹபூப் அலிக்கு, 1942இல் தான் ஒரு விஞ்ஞானி என்று தோன்றிவிட்டது. யுத்தத்துக்குப் பட்டு வேண்டுமாம். ஆமணக்கு இலை தின்னும் பட்டுப்புழுவை வளர்க்கச் சொல்லித்தர சர்க்காரில் ஆள் எடுக்கிறார்களாம். முட்டை வாங்கிவந்து, கால்வாய்க் கரையில் இலை பறித்துப் போட்டார்.

கொழுத்த புழு ஒருநாள் தின்பதை நிறுத்தி, வயிற்றைக் காலி செய்துவிட்டுக் கூடு கட்ட இடம் தேடும். முதல் தடவை வளர்த்தவை அத்தனையும் அதைச் செய்தது, மசூதியில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் மாலை வேளையில்.

"அதுங்களுக்குப் பாங்கு கேக்குது," என்றார் மனைவி கைசர் ஜஹானிடம்.

"உங்களுக்கே கேக்கறதில்ல. அதுங்களுக்குக் கேக்குதாக்கும்!"

ஆள் எடுக்கும் சர்க்கார் அதிகாரி ரகுபதியை, அடுத்த ஈட்டுப் புழுக்கள் கூடு கட்டும் சமயமாக ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்கு வரச்சொல்லி எழுதிப்போட்டார். அவர் கண்முன் புழு இடம் தேடினால் உத்தியோகம் உறுதி. ராத்திரியும் தின்று கொழுக்கட்டுமே என்று அந்த வாரம் முழுக்க அறையில் விடிய விடிய விளக்கு எரித்தார். குண்டுக்குப் பயந்து ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதம் வெளிச்சத்தை வெளியே விடவில்லை.

"அதுங்க எப்பத்தான் தூங்கும்?" என்ற கைசர் ஜஹான், புழுத் தட்டுகளில் ஒன்றை மட்டும் முற்றத்துக்குக் கொண்டுபோனாள். கோழிகளைப் போல அதையும் பொழுது சாய்ந்ததும் கூடை கவிழ்த்துச் சாக்கால் மூடி, காலையில் திறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பாங்கு ஒலித்தது. "இப்பப் பாருங்க சார்," என்று மெஹபூப் அலி கையை நீட்டினார். சில புழுக்கள் காலையிலேயே கழித்துவிட்டுச் சுவரில் திரிந்தன. மற்றவை தலை தூக்காமல் தின்றுகொண்டிருந்தன.

"என்ன பாய், காது அடைச்சுப்போச்சா உங்க புழுவுக்கு?"

புழுவுக்குக் காது எங்கே இருக்கிறது என்று மெஹபூப் அலி அப்போதுதான் முதன்முறையாகத் தேடினார்.

"முத்தத்துத் தட்டைக் காட்டுங்க," என்றது திரைக்குப் பின்னிருந்து கைசர் ஜஹானின் குரல். அங்கே அத்தனை புழுவும் கழித்துவிட்டுச் சுள்ளி தேடி ஊர்ந்துகொண்டிருந்தன.

ரகுபதி கூடையையும் சாக்கையும் பார்த்தார். "பாங்கு ரெண்டு எடத்துக்கும்தானே கேட்டுது? இதுக்கு ராத்திரின்னு ஒண்ணு இருந்திருக்கு. அதை வச்சுத்தான் நேரம் தெரிஞ்சுக்குது. யார் வளர்த்தது?"

'நான்தான்' என்பது நாக்கு நுனிவரை வந்தது. கூடை எதற்கு என்று கேட்டால் விழிக்கவேண்டுமே என்ற ஒரே காரணத்தால் மெஹபூப் அலி யோக்கியரானார்.

"வீட்டுல, சார்."

பெண்களுக்குச் சொல்லித்தரும் வேலைக்கு உத்தரவு கைசர் ஜஹான் பெயரில் வந்தது. தையல் கடையில் கேட்டவர்களிடம் மெஹபூப் அலி சொன்னார்: "வளக்கச் சொல்லித்தர அவங்களை எடுத்துக்கினாங்க. ஒரே வாரத்துல கெடுக்க நான் சொல்லித்தருவேன். அதுக்கு இன்னும் ஆள் எடுக்கலியாம்."